வீட்டுக் கணினியை வெளியூரிலிருந்து திறக்க: ரௌட்டரில் கை வைக்காதீர்கள்

கேள்வி: கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருக்கிறோம். கணக்கு முழுக்க வீட்டுக் கணினியில், டேலியில் இருக்கிறது. நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். சீசனில் ராத்திரி இங்கிருந்தே கணக்குப் பார்க்க வேண்டும். ரௌட்டரில் 3389 போர்ட்டைத் திறந்தால் போதும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். கணினித் திரையைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் காத்திருக்கும் வாசல் (போர்ட்) அது. உங்களுக்காகத் திறந்தால் ஊர் உலகத்துக்கே திறந்ததாகிவிடும். தருமபுரியில் ஒரு வீட்டில் இப்படித் திறந்துவைத்த கணினியில், நடந்ததன் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைப் பார்த்தேன். 4625, 4625 என்று பக்கம் பக்கமாக ஓடியது. தோல்வியடைந்த லாகின் முயற்சிகளுக்கான எண் அது. அட்மின், டெஸ்ட், யூசர் என்று பெயரை மாற்றி மாற்றி விடிய விடியத் தட்டியிருக்கிறார்கள். போர்ட் எண்ணை மாற்றுவதும் பலன் தராது, தேடுகிற நிரல்கள் எல்லா எண்ணையும் தட்டிப் பார்க்கும். 2019-ல் ரிமோட் டெஸ்க்டாப்பில் தெரியவந்த புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டையில் விண்டோஸ் 7 கணினிக்குள் நுழையக் கடவுச்சொல்லே தேவைப்படவில்லை.

நான் சொல்வது, கணினிகளை இணையம் வழியாகத் தனியாக இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற நிரல். சொந்த உபயோகத்துக்கு இலவசம். வீட்டுக் கணினியிலும் உங்கள் லேப்டாப்பிலும் நிறுவி, ஒரே கணக்கில் நுழையுங்கள். இரண்டுக்கும் நடுவே வயர்கார்ட் என்ற குறியாக்க முறையில் பூட்டிய தனிப்பாதை உருவாகும். ரௌட்டரில் எதையும் திறக்க வேண்டாம். வீட்டுக் கணினிக்கு 100 என்று தொடங்கும் ஒரு முகவரி கிடைக்கும். ரிமோட் டெஸ்க்டாப்பில் அதைக் கொடுங்கள். இனி அந்தக் கணக்குதான் வீட்டுச் சாவி. அதற்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பை இன்றே போடுங்கள்.

பலரும் தடுமாறுகிற இடங்கள் சில உண்டு. வீட்டில் இருப்பது விண்டோஸ் ஹோம் என்றால் ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே விடாது. புரோ வேண்டும், அல்லது குரோம் ரிமோட் டெஸ்க்டாப். விண்டோஸைத் திறக்கப் போடும் பின் நம்பர் இங்கே செல்லாது, கடவுச்சொல்தான். அப்பா பில் போட்டுக்கொண்டிருக்கும்போது அதே கணக்கில் நீங்கள் நுழைந்தால் அவர் திரை பூட்டிக்கொள்ளும், முதலில் ஒரு போன் போடுங்கள். ஒவ்வொரு கணினிக்கும் டெயில்ஸ்கேல் தரும் இணைப்புச் சாவி வழக்கமாக 180 நாளில் காலாவதியாகும். சீசன் நடுவில் அது நடந்தால் வீட்டுக் கணினியோடு இணைப்பு அறுந்துவிடும். அதனால் வீட்டுக் கணினிக்கு மட்டும் காலாவதியை நிறுத்திவிடுங்கள்.

அப்பாவிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: வங்கியிலிருந்து பேசுகிறோம், இந்த ஆப்பைப் போடுங்கள் என்று யார் கேட்டாலும் போனை வைத்துவிட வேண்டும். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

கரண்ட் விஷயம் மறந்துபோகும். கணினி தூங்காதபடி அமைத்து, பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்புத் திரை) மின்சாரம் திரும்பியதும் தானே எழும்படி செய்யுங்கள். யாரும் லாகின் செய்யாதபோதும் டெயில்ஸ்கேல் ஓட, 'ரன் அனட்டெண்டட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஓசூர் பஸ் ஏறுமுன், கணினியை ஷட் டவுன் செய்து, சுவிட்சை அணைத்து, மறுபடி போடுங்கள். லேப்டாப்பை மொபைல் டேட்டாவில் இணைத்து, கணினி தானாக எழுந்து திரையைக் காட்டுகிறதா என்று பாருங்கள்.