மலையிறக்கத்தில் மெத்தென்று அமுங்கும் பிரேக்

கேள்வி: வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும்போது என் எஸ்.யூ.வி.யின் பிரேக் பெடல் மெத்தென்று அமுங்குகிறது. பெரிய டிஸ்க் வாங்கி வீட்டிலேயே மாட்டலாமா?
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: டிஸ்க்குக்குச் செலவிடும் முன் பிரேக் ஆயிலைக் கவனியுங்கள். புதிய டாட் 4 (பிரேக் ஆயிலின் ஒரு தரம்) ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது என்றாலும், காற்றின் ஈரத்தை உறிஞ்சியபின் அந்த வரம்பு 155 டிகிரி வரை இறங்கக்கூடும் என்பதால், 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் விடாமல் மிதிக்கும்போது ஆயிலுக்குள் ஆவிக்குமிழ்கள் உண்டாகி, உங்கள் கால் அழுத்தம் பிரேக்கை இறுக்கும் பிஸ்டனைத் தள்ளாமல் குமிழ்களை நசுக்குவதிலேயே வீணாகிறது. எனவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள். சிலிக்கான் வகையான டாட் 5-ஐ மட்டும் ஊற்றவே கூடாது.

டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடுகளில் அதிக வெப்பம் தாங்கும் வகையைக் கைப்பழக்கம் உள்ளவர் வீட்டிலேயே மாட்டலாம். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள். கழற்றிய காலிப்பரை (பேடுகளைத் தாங்கும் பாகம்) பிரேக் ஆயில் வரும் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். வேலை முடிந்ததும், வண்டியை நகர்த்தும் முன், பெடல் கெட்டிப்படும்வரை மிதியுங்கள். டிஸ்க்கின் தடிமன் அதில் பொறித்துள்ள குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போய்விட்டதா என்பதையும் பேடு மாற்றும்போதே அளந்துவிடலாம்.

பெரிய டிஸ்க், காலிப்பர் மாற்றத்தை நான் வீட்டு வேலையாகப் பரிந்துரைக்க மாட்டேன். அது முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான பிரேக் சமநிலையையே மாற்றிவிடும். மலையில் இறங்கும்போது குறைந்த கியரில் வாருங்கள்.