கட்டமும் அம்புக்குறியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஸ்டேட் டயகிராம் பார்த்தாலே புரிகிறதே, அதற்கு எதற்குக் கணித வரையறை?
*– மாணவி, லாஸ்பேட்டை*

ஒரு கருவி எந்தெந்த நிலையில் இருக்கும், எது நடந்தால் எந்த நிலைக்கு மாறும் என்று கட்டமும் அம்பும் போட்டுக் காட்டுவதுதான் ஸ்டேட் டயகிராம். பார்த்தாலே புரியும், ஆனால் ஆளுக்கொரு விதமாகப் புரியும். கடலூர் சிப்காட்டில் ஒரு கலவைத் தொட்டிக்கு மென்பொருள் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 'இயக்கம்' என்று பெரிய நிலை, அதற்குள் 'நிரப்புதல்' என்று சின்ன நிலை. 'நிறுத்து' பட்டனுக்கு இரண்டிலிருந்தும் அம்பு கிளம்புகிறது. உள்ளிருந்து போவது 'காத்திரு' நிலைக்கு, வெளியிலிருந்து போவது 'முழு நிறுத்தம்' நிலைக்கு. பட்டனை அழுத்தினால் எது நடக்கும்?

1987-ல் ஸ்டேட்சார்ட் (இப்படி நிலைக்குள் நிலை வைக்கும் படம்) பற்றிக் கட்டுரை வெளியிட்ட கணினி அறிஞர் டேவிட் ஹேரலின் ஸ்டேட்மேட் மென்பொருள் கருவியில் வெளி அம்புக்கு முன்னுரிமை. மென்பொருள் படங்களுக்கான பொதுத்தர வரைமொழியான யூஎம்எல்லில் உள் அம்புக்கு. படம் அதேதான். ஒன்றில் ஆலை முழுவதும் நிற்கும், மற்றதில் காத்திருக்கும். ஆள் உயிர் சம்பந்தப்பட்ட பட்டன் இது. எந்த விதிப்படி வரைந்தது என்று எழுதாத படத்தில் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

கிளாஸ் டயகிராமில் காலி டைமண்ட் போடலாமா?
*– ப்ரோகிராமர், மஞ்சக்குப்பம்*

வேண்டாம். கிளாஸ் டயகிராம் என்பது மென்பொருளில் உள்ள பொருள் வகைகளையும் அவற்றின் தொடர்பையும் கட்டமும் கோடுமாகக் காட்டும் படம்; கோட்டின் முனையில் போடும் காலி டைமண்ட், ஒன்று மற்றதன் பகுதி என்று காட்டும் குறி. அதன் துல்லியமான பொருள் துறைக்கும் வரைபவருக்கும் ஏற்ப மாறும் என்று யூஎம்எல் ஆவணமே சொல்கிறது. சாதாரணக் கோடு போட்டு, இந்தப் பக்கம் ஒன்றுக்கு அந்தப் பக்கம் எத்தனை என்ற எண்ணிக்கையை இரு முனையிலும் எழுதுங்கள்.

படம் இருக்கும்போது ஓசிஎல் எதற்கு?
*– நெல்லித்தோப்பு வாசகர்*

ஓசிஎல் என்பது யூஎம்எல் படத்தோடு சேர்த்து நிபந்தனைகளை எழுதும் மொழி. புதுச்சேரி–சென்னை பஸ் முன்பதிவை எடுத்துக்கொள்வோம். 14-ஆம் சீட்டை மரக்காணம் வரை ஒருவருக்கும், அங்கிருந்து சென்னை வரை இன்னொருவருக்கும் விற்கலாம். ஆகவே 'ஒரு சீட்டுக்கு ஒரு டிக்கெட்' என்று கோட்டில் எழுதினால் தப்பு. 'பல டிக்கெட்' என்று எழுதினால் இரண்டு பேர் ஒரே சீட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டு போவார்கள். 'ஒரே டிரிப்பில், ஒரே சீட்டுக்கான இரு டிக்கெட்டுகளின் பயணப்பகுதி ஒன்றன்மேல் ஒன்று விழக்கூடாது' என்பதைக் கட்டமும் கோடும் தனியாகச் சொல்லாது. அந்த ஒரு வரிக்குத்தான் ஓசிஎல். எல்லாவற்றையும் அதில் எழுத உட்காராதீர்கள், யாரும் படிக்கமாட்டார்கள்.

இப்படித் துல்லியமாகப் படம் வரைவதை வகுப்பில் எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?
*– ஆசிரியர், வில்லியனூர்*

பெட்ரி நெட்டிலிருந்து. கார்ல் ஆடம் பெட்ரி 1962-ல் தந்த ஆய்வேட்டின் வழி வந்தது. வட்டம் (டோக்கன் வைக்கும் இடம்), பட்டை (நடக்கும் நிகழ்வு), அம்பு, டோக்கன், அவ்வளவுதான். ஒரு பட்டைக்குள் அம்பு விடும் வட்டங்கள் எல்லாவற்றிலும் டோக்கன் இருந்தால் அது இயங்கலாம்; இயங்கினால் ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றை எடுத்து, பட்டையிலிருந்து அம்பு போகும் வட்டங்களில் ஒவ்வொன்று வைக்கும். முழு வரையறையும் ஒரே கரும்பலகையில் அடங்கிவிடும். அப்புறம் இரண்டு கவுன்டர், ஒரு பிரின்டர், ஒரு ஸ்கேனர் வரையச் சொல்லுங்கள். ஒவ்வொரு கவுன்டருக்கும் வேலை முடிய இரண்டும் வேண்டும். ஒரு கவுன்டர் பிரின்டரையும் மற்றது ஸ்கேனரையும் முதலில் பிடிக்கட்டும். டோக்கனுக்குப் புளியங்கொட்டை போதும். எந்தப் பட்டையும் நகராமல் ஆட்டம் எங்கே சிக்குகிறது என்று பிள்ளைகளே காட்டுவார்கள்.