நெருப்பில்லாத சொல்

அன்பின் ஐயா,

ஆங்கிலப் பிரசங்கம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். 'டாம்னேஷன்' வரும் இடமெல்லாம் 'நரகம்' என்று போட்டேன். வேதாகமத்தில் 'ஆக்கினை' என்றல்லவா இருக்கிறது என்று ஓர் அண்ணர் மறித்தார். இதன் வேர் என்ன? 'டாம்ன்' என்ற வசவைத் தமிழில் எப்படி எழுதுவது?

- வாசகர் ஒருவர், கல்லடி

அன்பின் தம்பி,

அண்ணர் மறித்தது நல்லது. அந்தச் சொல்லில் நெருப்பே கிடையாது, காசுதான் இருக்கிறது. லத்தீனில் 'டாம்னும்' என்றால் நட்டம். நட்டத்துக்காகக் கட்டும் தண்டமும் அதுவே. அதிலிருந்து 'டாம்னாரே', குற்றவாளி எனத் தீர்த்தல். ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு வழியாக வந்தது. 'டமேஜ்' இதன் கூடப்பிறந்தது.

ரோமரின் அக்குவீலியச் சட்டத்தின் முதல் அதிகாரத்தைப் பாருங்கள். பிறனுடைய அடிமையையோ மந்தையில் மேயும் நாலுகால் பிராணியையோ ஒருவன் அநியாயமாகக் கொன்றால், அந்த ஒரு வருடத்துக்குள் அதற்கிருந்த உச்ச விலையை உரியவனுக்குக் கொடுக்க அவன் 'டாம்னாஸ்' ஆகட்டும் என்கிறது. கொடுக்கக் கடன்பட்டவன், அவ்வளவுதான் பொருள். வயலுக்குள் இறங்கிய மாட்டை வெட்டிவிட்டு, வயல் காரியங்களைப் பார்க்கும் வட்டவிதானைக்கு முன்னால் நிற்பவனுக்கு இது உடனே விளங்கும். ரோமன் டச்சுச் சட்டத்தின் வழியே அக்குவீலிய வழக்கு நமது இலங்கை நீதிமன்றங்களில் இன்றும் உண்டு. நட்டஈடு கேட்பது அதில்தான். தமிழில் இதற்கு மிக அருகே நிற்பது 'தண்டம்': தண்டனை, அபராதம், வீண்செலவு மூன்றையும் சுமக்கிறது.

நெருப்பு வேறு சொல்லோடு வந்தது. எருசலேமுக்குத் தெற்கே உள்ள இன்னோம் பள்ளத்தாக்கின் பெயர்தான் 'கெஹென்னா'. காத்தான்குடிப் பள்ளிவாசலில் குத்பா பிரசங்கத்தில் கேட்கும் 'ஜஹன்னம்' அதே சொல். மத்தேயு 23:33இல் 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமம் டாம்னேஷன், நரகம் இரண்டையும் சேர்த்து வைக்கிறது, தமிழில் 'நரகாக்கினை'. உங்கள் கணக்குப்படி அது 'நரகத்தின் நரகம்' ஆகிவிடும்.

பெரிய பிழை விழும் இடம் 1 கொரிந்தியர் 11:29. திருவிருந்தை அபாத்திரமாய், அதாவது தகுதியின்றி, புசிப்பவன் தன்மேல் வருவித்துக்கொள்வது அந்த ஆங்கிலத்தில் 'டாம்னேஷன்'. கிரேக்கத்தில் வெறும் 'கிரிமா', தீர்ப்பு. மூன்று வசனம் தள்ளி, உலகத்தோடே ஆக்கினைக்குள்ளாகாதபடிக்கே இப்படிச் சிட்சிக்கப்படுகிறோம் என்கிறார் பவுல். நரகத்துக்குத் தப்புவிக்கும் சிட்சையையே நரகம் என்று எழுதினால் வாதம் கவிழ்ந்துவிடும். 1881ஆம் ஆண்டுத் திருத்திய ஆங்கிலப் பதிப்பு அங்கே 'தீர்ப்பு' என்று மாற்றிவிட்டது. நம்முடைய பழைய பதிப்பில் 'ஆக்கினைத்தீர்ப்பு' இருக்கிறது. எனக்குத் 'தீர்ப்பு' போதும்.

ஆகவே ஒவ்வொரு வசனத்திலும் கிரேக்கத்தைப் பாருங்கள். 'கிரிமா' என்றால் தீர்ப்பு, 'கட்டாக்கிரிமா' என்றால் ஆக்கினைத்தீர்ப்பு, 'கெஹென்னா' இருந்தால் மட்டும் நரகம். ஆக்கினையும் முதலில் கட்டளைதான், வடமொழி 'ஆஜ்ஞா'. தமிழில் தண்டனையாகவும் நிலைத்துவிட்டது.

வசவுக்கு, ஆளைத் திட்டினால் 'நாசமறுவான்'. அதிலும் நட்டமே நிற்கிறது. ஆங்கிலத்தில் நடந்ததுபோல் வேகம் குறைந்து, நம் கிழவிகள் வாயில் செல்லமாகவும் போய்விட்டது. கை தவறிக் கோப்பை உடைந்ததற்கு அது பொருந்தாது. அங்கே 'சனியன்' என்று போடுங்கள்.