பழைய வெர்ஷனை எப்போது கைகழுவலாம்? – கேள்வி பதில்

ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி (மற்றவர்கள் தங்கள் நிரலில் எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் பொது நிரல்) ஒன்றை 12 வருடமாகப் பராமரித்து வருகிறேன். எந்த வெர்ஷனுக்கு எத்தனை நாள் சப்போர்ட் என்று எழுதி வைப்பது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

சார், என் ப்ராஜெக்ட்டில் நான் ஒரே ஆள்தான். எனக்கெல்லாம் கொள்கை தேவையா?

ஒரே ஆள் என்பதால்தான் தேவை. நாலு வருடம் முந்தைய வெர்ஷனில் இருக்கும் பிழையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வருவார். எழுதி வைக்காத நிலையில் நீங்கள் மறுத்தால், "திமிர் பிடித்த ஆள்" என்ற பெயர்தான் மிஞ்சும். எழுதி வைத்திருந்தால் லிங்க்கைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடலாம். மூன்று வரி போதும்: கடைசிப் பெரிய வெர்ஷனுக்கு எல்லாத் திருத்தமும் உண்டு, அதற்கு முந்தையதற்கு இன்ன தேதி வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும், மற்றவற்றுக்கு எதுவும் கிடையாது. ரிப்போவில் (நிரலை வைத்திருக்கும் இடம்) செக்யூரிட்டி.எம்டி கோப்பில் போடுங்கள், பாதுகாப்பு ஓட்டையைக் கண்டுபிடிப்பவர் முதலில் அங்கேதான் பார்ப்பார்.

பைத்தான் மொழி மாதிரி நாமும் ஐந்து வருடம் என்று போடலாமா அண்ணா?

விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும் தம்பி. அந்த ஐந்து வருடத்தையே கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பைத்தான் 3.13-இலிருந்து முதல் இரண்டு வருடம்தான் பிழைத்திருத்தம். மிச்ச மூன்று வருடம் பாதுகாப்பு மட்டும், அதுவும் மூல நிரலாகத்தான் (சோர்ஸ்) வரும், இன்ஸ்டாலர் கட்டித் தர மாட்டார்கள். பைத்தானில் வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோ, தன் எல்டிஎஸ் (நீண்டகால சப்போர்ட்) வெர்ஷனுக்கே மூன்று வருடம்தான் தருகிறது. ஒரு கிளையை (பழைய வெர்ஷனுக்கான தனி நிரல் வரிசை) கூடுதலாக வைத்திருந்தால் ஒவ்வொரு பேட்ச்சையும் இன்னொரு தடவை பேக்போர்ட் செய்து (பழையதற்குப் பொருத்தி), இன்னொரு தடவை டெஸ்ட் ஓட்ட வேண்டும். முதல் தடவைக்கு ஆறு மாதம் போடுங்கள்.

தேதி போட வேண்டுமா, "அடுத்த ரிலீஸ் வரும்வரை" என்றால் போதாதா?

தேதி போடுங்கள். "அடுத்த பெரிய ரிலீஸ் வந்து ஒரு வருடம் வரை" என்று நான் ஒருமுறை எழுதினேன். அந்த ரிலீஸ் மூன்று வருடம் தள்ளிப்போனது. பழைய கிளையை நான்கு வருடம் முதுகில் சுமந்தேன். நானே எழுதியது, யாரைக் குறை சொல்ல?

அறிவித்த தேதியைப் பிறகு மாற்றினால் தப்பா?

நீட்டினால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். பைத்தான் 2.7-க்கு 2015 என்றிருந்ததை 2014-இல் 2020 என்று நீட்டினார்கள். சுருக்குவதில்தான் வம்பு. சர்வர்களில் ஓடும் லினக்ஸ் வகையான சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை சப்போர்ட் என்றிருந்தது. 2020 டிசம்பரில் திடீரென்று, 2021 முடிவோடு சரி என்று அறிவித்தார்கள். அதை நம்பி சர்வர்களை மாற்றியிருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். அதற்கு மாற்றான ராக்கி லினக்ஸும் அல்மாலினக்ஸும் அந்தச் சூட்டில் பிறந்தவைதான்.

ஆனால் நியாயமாகச் சுருக்கவும் முடியும். ஜாவாஸ்கிரிப்ட் நிரலை சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ் 16-க்கு 2024 ஏப்ரல் வரை என்று தேதி கொடுத்திருந்தார்கள். அது சார்ந்திருந்த குறியாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கோ 2023 செப்டம்பர் 11-ஓடு ஆயுள் முடிவதாக இருந்தது. அதற்குப் பிறகு ஓட்டை வந்தால் பேட்ச்சுக்கு எங்கே போவது? நடுவழியில் ஓப்பன்எஸ்எஸ்எல் 3-க்கு மாறினால் பயனர்களின் நிரல் உடையலாம். இந்த யோசனை எல்லாவற்றையும் வெளியே சொல்லி, 2022-லேயே அறிவித்து, நோட் 16-இன் கடைசி நாளையும் அதே செப்டம்பர் 11-க்குக் கொண்டுவந்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அவகாசம் இருந்ததால் சென்ட்ஓஎஸ் அளவுக்குக் கூச்சல் எழவில்லை. நீங்கள் தேதி குறிப்பதற்கு முன், உங்கள் லைப்ரரி எதன்மேல் நிற்கிறதோ அதன் கடைசி நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

ஆயுள் முடிந்த வெர்ஷனில் பெரிய ஓட்டை தெரிய வந்தால்? மனசு கேட்குமா?

கேட்காதுதான். ஆனால் ஒருமுறை இறங்கினால் அடுத்த முறையும் கேட்பார்கள். ஜாவா நிரல்களில் பதிவுகள் எழுத உதவும் லாக்4ஜே 1-ஐ, அதைப் பராமரிக்கும் அப்பாச்சி அமைப்பு 2015 ஆகஸ்டிலேயே முடித்துவிட்டது. 2021 டிசம்பரில் லாக்4ஜே 2-இன் ஓட்டை உலகத்தையே உலுக்கியபோது, இன்னும் 1-ஐயே ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் விழித்துக்கொண்டார்கள். லாக்4ஜே 1-இலும் வேறொரு ஓட்டை பதிவானது. அப்பாச்சி பேட்ச் தரவில்லை, 2-க்கு மாறுங்கள் என்றது. தேவைப்பட்டவர்களுக்கு ரீலோட்4ஜே என்ற ஃபோர்க் (அதே நிரலைப் பிரித்தெடுத்துத் தனியாகப் பராமரிப்பது) பிறகு வந்தது. ஓட்டை அறிவிப்பில் "பழைய வெர்ஷனிலும் இது உண்டு, திருத்தம் வராது" என்று மட்டும் கட்டாயம் எழுதுங்கள். சும்மா இருந்தால், தன் வெர்ஷனில் அந்தச் சிக்கல் இல்லை என்று பயனர் நினைத்துக்கொள்வார்.

எல்டிஎஸ் என்று பெயர் வைக்கலாமா?

உங்களைத் தவிர பேக்போர்ட் செய்ய இன்னொருவர் இருக்கிறாரா? இல்லையென்றால் வேண்டாம்.

கிளையன்ட் மாற மாட்டேன் என்கிறார். காசு வாங்கிக்கொண்டு பழையதைப் பார்த்துக்கொள்வது முறையா?

தாராளமாக. உபுண்டு லினக்ஸின் எல்டிஎஸ்ஸுக்கு ஐந்து வருடம் போன பிறகு, நிறுவனங்கள் காசு கட்டி உபுண்டு புரோ வழியாக நீட்டிக்கொள்கின்றன. இலவசம் எந்த நாளோடு முடிகிறது என்பதை மட்டும் தெளிவாக எழுதிவிடுங்கள்.

ஐரோப்பாவின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் (டிஜிட்டல் பொருட்களின் பாதுகாப்புச் சட்டம்) ஐந்து வருடம் சப்போர்ட் கேட்கிறதாமே?

சந்தையில் பொருள் விற்பவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு. முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல். வியாபாரம் இல்லாமல் பொழுதுபோக்காக எழுதுகிறவர்மேல் அது விழாது. ஆனால் உங்கள் லைப்ரரியைத் தன் பொருளில் வைத்து விற்கும் கம்பெனி, நீண்ட படிவம் ஒன்றை உங்களுக்கு அனுப்பும். அதை நிரப்பிக்கொண்டு உட்காராதீர்கள். உங்கள் கொள்கைப் பக்கத்தின் லிங்க்கை அனுப்புங்கள்.

கடைசி நாளன்று என்ன செய்ய வேண்டும்?

கையில் இருக்கும் திருத்தங்களைச் சேர்த்து ஒரு கடைசி ரிலீஸ் விடுங்கள். பேக்கேஜ் பக்கத்தில் எச்சரிக்கை போடுங்கள், ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களுக்கான என்பிஎம்மில் அதற்கென்றே டெப்ரிகேட் (இனிப் பயன்படுத்த வேண்டாம்) கட்டளை இருக்கிறது. கிளையைப் பூட்டிவிடலாம். பழைய பேக்கேஜை மட்டும் அழித்துவிடாதீர்கள், மறுநாள் காலையில் எங்கோ யாருடைய பில்டோ உடையும், அவர் உங்களைத்தான் தேடி வருவார்.