சரக்குக் கிடங்கில் நோக்

அன்புள்ள சார்,

'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' ஏழு சீசனையும் பார்த்து முடித்துவிட்டேன். தொலைக்காட்சியில் நீங்கள் பார்த்ததிலேயே ஒழுங்காக வளர்ந்த பாத்திரம் அதில் வரும் நாக் என்று முன்பு ஒரு கட்டுரையில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை. திருட்டுப் பையனாக இருந்தவன் சீருடை போட்டதும் மனிதர்களின் நகலாகிவிடுகிறான். தன் இனத்தை உதறினால்தான் முன்னேற முடியும் என்றுதானே இதற்கு அர்த்தம்? அப்புறம், போரில் காலை இழந்ததும் ஒரு முழு அத்தியாயம் பாட்டுக் கேட்டுக்கொண்டு மூலையில் கிடக்கிறான். அதுவரை வளர்த்த பாத்திரத்தை அவர்களே கீழே போட்டுவிட்டார்கள் என்று தோன்றியது. நீங்கள் எதை வளர்ச்சி என்கிறீர்கள்?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

முதலில் ஒரு சின்ன விஷயம். நாக் என்று எழுதி வேற்றுமை உருபு சேர்த்தால் நாக்கு வந்து நிற்கிறது. அதனால் உச்சரிப்பு கொஞ்சம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை என்று நோக் என்றே எழுதுகிறேன்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1993 முதல் 1999 வரை ஓடிய, ஒரு விண்வெளி நிலையத்தில் நடக்கும் தொடர். நோக் ஒரு ஃபெரெங்கி. லாபம்தான் அவர்களுக்கு வேதம், அதற்கு 285 விதிகள் உண்டு. 1987-ல் முந்தைய தொடர் ஒன்றில் பயங்கர வில்லன்களாக இவர்களைக் கொண்டுவந்தார்கள். பெரிய காதுகளோடு குதித்துக் குதித்து வந்தவர்களைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. அதன் பிறகு அவர்கள் கோமாளிகள்தான். அந்தக் கோமாளி இனத்திலிருந்து விண்வெளிப்படையான ஸ்டார்ஃப்ளீட்டில் சேர்ந்த முதல் ஆள் நோக். முதல் அத்தியாயத்திலேயே திருடிப் பிடிபடுகிறான். நிலையத் தளபதி சிஸ்கோ அவனைப் பிணையாக வைத்துத்தான் அவனுடைய பெரியப்பா குவார்க்கை ஊரைக் காலி செய்யாமல் தடுக்கிறார்.

இனி உங்கள் கேள்வி. இனத்தை உதறினான் என்கிறீர்கள். மூன்றாவது சீசனுக்குப் போவோம். நோக் ஒரு பை நிறைய லேட்டினத்தை, அதாவது அவர்கள் பணத்தை, கொண்டுவந்து சிஸ்கோவிடம் கொடுக்கிறான். அவர்கள் வழக்கப்படி ஒருவரிடம் தொழில் கற்கச் சேருவதற்கு முன் கொடுக்கவேண்டிய காணிக்கை அது. ஸ்டார்ஃப்ளீட் அகாடமிக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் வேண்டும், அவ்வளவுதான். சிஸ்கோ அதை நம்பவில்லை. அவனைச் சரக்குக் கிடங்குக்கு அனுப்பி, இருப்புக் கணக்கு எடுக்கச் சொல்கிறார். திருடனைக் கிடங்கில் விட்டுப் பார்க்கும் பழைய சோதனைதான். நோக் சீக்கிரமே வேலையை முடித்துவிட்டு வருகிறான். ஒரு பொருள்கூடக் குறையவில்லை.

இந்தக் காட்சியை நேர்மைக்கு வைத்த பரீட்சை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் அவன் அங்கே என்ன செய்தான் என்று பாருங்கள். எண்ணினான். ஒரு ஃபெரெங்கிக்குப் பால்குடிப் பருவத்திலிருந்தே கைவந்த வேலை அது. புதிதாக எதையும் கற்றுக்கொண்டு அந்தப் பரீட்சையில் அவன் தேறவில்லை.

அதே அத்தியாயத்தில் சிஸ்கோ வேண்டுமென்றே கடிதம் தர மறுக்கிறார். அவன் சட்டையைப் பிடித்து உலுக்கி, எதற்காக இது என்று கேட்கும்போதுதான் உண்மை வெளியே வருகிறது. அப்பா ரோம் இயந்திரங்களில் மேதை, ஒரு விண்கலத்தின் தலைமைப் பொறியாளராகவே இருந்திருக்கலாம். ஆனால் நல்ல ஃபெரெங்கியாக வியாபாரத்துக்குப் போனார், அண்ணன் கடையில் எடுபிடியாக நிற்கிறார். வியாபாரத்துக்கு வேண்டிய காது அவருக்கு இல்லை. 'எனக்கும் இல்லை' என்கிறான். வியாபார புத்தியைக் காது மடல் என்று சொல்வது அவர்கள் வழக்கு. இதைச் சொல்லும்போது நோக்காக நடித்த ஆரன் ஐசன்பெர்க்கின் குரல் உடைவதைக் கேளுங்கள். ரப்பர் தலைக்குள்ளிருந்து வருகிற குரல் என்பதே மறந்துபோகும்.

அகாடமிக்குக் கிளம்பும் முன் தன் சிறுவயதுச் சாமான்களை எல்லாம் அவன் விற்றுத்தீர்ப்பது நினைவிருக்கிறதா? அதுவும் ஃபெரெங்கி வழக்கம். நிலையத்தின் முரட்டு அதிகாரி வோர்ஃப் ஒரு பல்தீட்டியை வாங்கிக்கொண்டு போவார். சீருடையைப் போடப்போகிறவன் கடைசியாகச் செய்த காரியம் கடை விரித்ததுதான்!

இருந்தாலும் உங்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. பயிற்சியில் சேர்ந்த முதல் இரண்டு வருடங்கள் அவன் நகல்தான். ஐந்தாவது சீசனில் பழைய தோழனான சிஸ்கோவின் மகன் ஜேக்கோடு ஒரே அறையில் தங்க வந்து, உடற்பயிற்சி, சுத்தம், ஒழுங்கு என்று அவனைப் படுத்துகிற பாடு இருக்கிறதே! ஆறாவது சீசனில் மாணவர்களே ஓட்டும் ஒரு போர்க்கப்பலில் மாட்டிக்கொண்டு, அவர்கள் குத்திவிட்ட சின்னத்துக்காக, தலைக்கனம் பிடித்த ஒரு பையனைக் கேப்டன் என்று நம்பி நாசத்துக்குள்ளேயே போகிறான். அந்தக் கட்டத்தில் சீருடை அவனுக்கு ஒரு கவசம். அதைப் போட்டவனுக்கு எதுவும் ஆகாது என்று நினைக்கிறான்.

இனி ஏழாவது சீசன். அதன் ஆறு, எட்டு, பத்தாம் அத்தியாயங்களை வரிசையாகப் பாருங்கள். மூன்றும் 1998 நவம்பர், டிசம்பரில் ஒளிபரப்பானவை.

ஆறாவதில் பொறியாளர் ஓ'பிரையனுக்கு ஒரு உதிரிபாகம் அவசரமாக வேண்டும். முறைப்படி கேட்டால் வாரக்கணக்கில் ஆகும். நோக் பண்டமாற்றில் இறங்குகிறான். இவனிடம் இருப்பது அவனுக்கு, அவனிடம் இருப்பது இன்னொருவனுக்கு என்று சங்கிலி நீண்டுகொண்டே போகிறது. நடுவில் சிஸ்கோவின் மேசையே காணாமல் போய்விடுகிறது! கேப்டன்களின் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளும் ஆசைகொண்ட ஒருவருக்கு இரவலாகப் போயிருக்கிறது. கடைசியில் உதிரிபாகம் வருகிறது, மேசையும் திரும்பிவிடுகிறது. பிரபஞ்சமே ஒரு பெரிய ஆறு, ஓரிடத்தில் மிகுந்ததை இல்லாத இடத்துக்குக் கொண்டுசேர்க்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. நோக் அதைச் சீருடையோடு நின்று முழு நம்பிக்கையுடன் ஓ'பிரையனுக்கு விளக்குகிறான். இவனையா நகல் என்கிறீர்கள்?

எட்டாவது அத்தியாயத்தில் போர்முனை. எதிரி எங்கே இருக்கிறான் என்று வேவு பார்க்க சிஸ்கோ அவனை அனுப்புகிறார். காரணம் அவன் காதுகள். பத்து வருடமாக எல்லோரும் கேலி செய்த அதே காதுகள். குவார்க் சண்டைக்கு வருகிறார்: உங்கள் பையன் ஜேக்காக இருந்தால் அனுப்புவீர்களா? அந்த அத்தியாயத்தை இயக்கிய வின்ரிக் கோல்பே வியட்நாம் போரில் இருந்தவர். குவார்க்கின் கேள்வியை யாரும் அங்கே முழுசாக ஜெயிப்பதில்லை. நோக் கால் போய்த் திரும்புகிறான்.

பத்தாவதுதான் உங்களைக் கடுப்பேற்றிய அத்தியாயம். மாற்றுக்கால் பொருத்தியாகிவிட்டது, உடலில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் நொண்டுகிறான். போர்முனையில் மருத்துவர் எல்லோரையும் அமைதிப்படுத்தப் போட்ட ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான். அதைப் பாடிய விக் ஃபான்டேன் வெறும் ஒளி பிம்பம், 1962-ன் லாஸ் வேகாஸ் பாடகர். அந்தப் பிம்ப உலகம் ஓடும் அறையான ஹோலோசூட்டுக்குள் போய்த் தங்கிவிடுகிறான். மூலையில் கிடக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். இல்லை, அங்கே அவன் விக்கின் கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுக்கிறான். வரவு செலவைச் சரிசெய்கிறான், புதிதாக ஒரு கேசினோ கட்டத் திட்டம் போடுகிறான்.

எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். கிடங்கில் அவனைத் தேற வைத்த அதே எண்ணும் கை இங்கே ஒளிந்துகொள்ள இடம் தருகிறது. அதனால்தான் அந்த ஆற்றுக் கதையை மட்டும் வைத்து உங்களோடு வாதாட மாட்டேன். ஃபெரெங்கியாக இருப்பதும் ஒரு கவசமாகிவிடலாம், சீருடை ஆனதைப் போல. விக் தன் பிம்பத்தையே நிறுத்திவிட்டு அவனை வெளியே தள்ளும்போதுதான் அழுதுகொண்டே சொல்கிறான்: எனக்கு எதுவும் ஆகாது என்று நினைத்தேன், காலே போகும் என்றால் இனி எதுவும் நடக்கலாம், நாளைக்கே சாகலாம், பயமாக இருக்கிறது. மூன்றாவது சீசனில் 'எனக்கும் இல்லை' என்று உடைந்த அதே குரல். அப்போது அப்பாவைப் போல ஆகிவிடுவோமோ என்ற பயம். இது வேறு பயம். இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைத்தான் வளர்ச்சி என்று சொன்னேன்.

ஐசன்பெர்க் சிறுநீரகக் கோளாறோடு பிறந்தவர். பதினேழு வயதில் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். 2019-ல் இறந்தார். அடுத்த ஆண்டே இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரில் ஒரு விண்கலத்துக்கு நோக் என்றும் அதன் வகைக்கு ஐசன்பெர்க் என்றும் பெயர் வைத்தார்கள். ஓரிரு நொடிதான் திரையில் வரும்.

அந்தப் பத்தாவது அத்தியாயத்தின் முடிவை மட்டும் இன்னொரு தடவை பாருங்கள். நோக் சீருடையோடு விக்கைப் பார்க்க வருகிறான். யாராவது கூப்பிட்டால்தான் விக்குக்கு உயிர், இல்லையென்றால் அணைந்து கிடக்கவேண்டும். நோக் பெரியப்பாவிடம் பேசி முடித்துவிட்டு வந்திருக்கிறான்: இனி அந்த ஹோலோசூட் நாள் முழுக்க ஓடும். அந்த நிலையத்தில் நாளுக்கு 26 மணி நேரம். குவார்க்கிடம் என்ன பேரம் பேசி அதைச் சாதித்தான் என்பதை மட்டும் காட்டவில்லை.

அன்புடன்.