தமிழ்நாடு மின்வாரியம் கம்பெனியானதில் யாருக்கு என்ன போச்சு: ஊழியர்களின் கேள்வி பதில்

திருமங்கலத்திலிருந்து: 2010-இல் கம்பெனியானதோடு நமக்கு அரசு வேலை போய்விட்டதா அண்ணே?

அதற்கு முன்னாலும் நாம் அரசு ஊழியர் இல்லை தம்பி. 1957-இல் வாரியம் வந்ததிலிருந்தே வாரிய ஊழியர்தான், சம்பளமும் சங்கங்களோடு பேசிப் போட்ட ஒப்பந்தப்படிதான் உயர்ந்தது. 2010 நவம்பர் 1-இல் முதலாளியின் பெயர் மாறியது. மாற்றத்தால் பணி நிபந்தனை முன்பைவிடக் குறையக்கூடாது என்று 2003 மின்சாரச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு சொல்கிறது, நம் பிடி அதுதான். ஆபீஸில் எந்தத் தாளை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், ஒரு ஜெராக்ஸ் வீட்டில் இருக்கட்டும்.

மேலூர்: கம்பெனி மேல் ஹைகோர்ட்டில் ரிட் மனு போட முடியாதாமே?

முடியும். முழுக்க அரசு கையில் இருக்கும் கம்பெனியும் அரசியல் சாசனத்தின் 12-ஆம் பிரிவில் 'அரசு' என்ற வரையறைக்குள் வரும். மதுரைக் கிளையிலேயே போடலாம்.

சோழவந்தான்: கம்பெனி வந்ததால்தானே என் மகனுக்குப் பழைய பென்ஷன் இல்லை?

இல்லை. 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்கு, சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் பங்களிப்பு ஓய்வூதியம் என்று அப்போதே மாற்றிவிட்டார்கள். கம்பெனி வந்தது அதற்கு ஏழு வருடம் கழித்து.

உசிலம்பட்டி: அடுத்து தனியார்தானே? ஒரிசாவைப் பாருங்கள்.

ஒரிசாவில் 1996-இல் வாரியத்தைப் பிரித்தார்கள், 1999-இல் விநியோகம் தனியாருக்குப் போனது. உண்மைதான். ஆனால் இங்கே 2024-இல் மறுபடி பிரித்தபோதும் எல்லாக் கம்பெனியும் அரசிடமே இருக்கிறது. பயப்படுங்கள், ஆனால் நடக்காததை நடந்ததாகச் சொல்லாதீர்கள்.

புதூர்: நீங்கள் பேசுவதெல்லாம் நிரந்தரக்காரர்களுக்கு. நான் ஒப்பந்தக்காரரின் ஆளாகக் கம்பம் ஏறுகிறேன். வாரியமாக இருந்தால் என்னை நிரந்தரமாக எடுத்திருப்பார்கள்.

இதற்குத்தான் காத்திருந்தேன். ஒப்பந்த முறை வாரியம் வாரியமாக இருந்தபோதே வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நீதிபதி காலித் கமிஷன் உட்கார்ந்ததே அந்தப் பிரச்சினைக்காகத்தான். கம்பெனியைத் திட்டினால் பாதிதான் சரி.

அவரே: அப்போ எங்களுக்கு ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. தொழிலாளரை நிரந்தரமாக்கும் 1981 தமிழ்நாடு சட்டப்படி, 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவர் நிரந்தரம் கேட்கலாம். ஆனால் வேலை செய்த நாள் கணக்கு ஒப்பந்தக்காரரிடம், வேலை வாங்குவது மின்வாரியத்தின் செக்‌ஷன் ஆபீஸ், நீங்கள் யார் ஆள் என்று கேட்டால் இரண்டு பேரும் கையை விரிப்பார்கள், வழக்கு தோற்பது பெரும்பாலும் அங்கேதான். பி.எஃப். கணக்கு, யார் சொல்லி எந்த லைனுக்குப் போனீர்கள் என்ற விவரம், எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம், முதல் பதிலில் சொன்னதுதான்.

அலங்காநல்லூர்: நாம் அரசு ஊழியர்தானே?

மேலே முதல் பதில்.

செல்லூர்: கரண்ட் பில்லில் அப்பா பெயரை மாற்ற வேண்டும்.

செக்‌ஷன் ஆபீஸில் கேளுங்கள்.