கொழுப்புக் கல்லீரலும் கீழாநெல்லிப் பொடியும்

கேள்வி: எனக்கு வயது 46, எடை 70 கிலோ. ஸ்கேனில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று வந்திருக்கிறது. இதற்குக் குடல் பாக்டீரியாதான் காரணம் என்று கூறும் உறவினர் ஒருவர், கீழாநெல்லிப் பொடியும் மஞ்சள் கேப்ஸ்யூலும் சாப்பிடச் சொல்கிறார். சாப்பிடலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: குடலுக்குப் பங்குண்டு என்பது உண்மை, அதற்காக அந்தப் பொடியையும் கேப்ஸ்யூலையும் தொடங்கிவிட வேண்டாம்.

கல்லீரலுக்குள் செல்லும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு, குடலிலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் போர்ட்டல் சிரை வழியாகவே வருகிறது. எனவே குடல் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் பொருள்களில் இரத்தத்தில் கலப்பவை முதலில் கல்லீரலையே அடைகின்றன. குடல் சுவர் தளர்ந்துவிட்டால் பாக்டீரியாக்களின் நச்சுக் கூறுகளும் கசிந்து சென்று அங்கே அழற்சியைத் தூண்டுகின்றன. சீனாவில் மது அருந்தாமலேயே, மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டதும் போதை ஏறிய ஒருவருக்குக் கடுமையான கொழுப்புக் கல்லீரல் நோய் இருந்தது. அவர் குடலிலிருந்த கிளெப்சியெல்லா நியூமோனியே என்ற பாக்டீரியாவே சர்க்கரையிலிருந்து ஆல்கஹாலை உற்பத்தி செய்துகொண்டிருந்தது. அதை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் கல்லீரலிலும் கொழுப்பு சேர்ந்ததை 2019இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. ஆயினும் பெரும்பாலோருக்கு வயிற்றுப் பருமனும், இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலையுமே முதன்மைக் காரணங்கள்.

கீழாநெல்லி நம் ஊரில் மஞ்சள் காமாலைக்குப் பேர்போன மூலிகை. 1988இல் சென்னை ஆய்வாளர்கள் ஹெபடைடிஸ்-பி கிருமியைச் சுமந்தவர்களுக்கு அதைக் கொடுத்து நல்ல பலன் கண்டதாக அறிவித்தார்கள்; பின்னர் பிற இடங்களில் நடந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. அதுவும் வைரஸ் தொற்றுக்கான ஆய்வு. உங்களுடையது கொழுப்புச் சேர்க்கை. சமையல் மஞ்சளிலிருந்து வேறான மரமஞ்சளிலுள்ள பெர்பெரின் என்ற பொருள் இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலந்து, குடலிலேயே தங்கி அங்குள்ள பாக்டீரியாக்களை மாற்றுவதால், ஆய்வாளர்கள் அதை ஆர்வத்துடன் கவனிக்கிறார்கள். நீங்களாக வாங்கிச் சாப்பிடும் அளவுக்கு அந்த ஆய்வு முதிரவில்லை.

எனக்கு உண்மையில் கவலை தருவது மஞ்சள் கேப்ஸ்யூல்தான். குழம்பில் போடும் மஞ்சளுக்கு அஞ்ச வேண்டியதில்லை. கேப்ஸ்யூலில் இருப்பதோ மஞ்சளிலிருந்து பிரித்துச் செறிவூட்டிய குர்குமின் என்ற பொருள்; உடல் அதை எளிதில் ஏற்பதற்காகப் பலவற்றில் மிளகின் பைப்பரினையும் சேர்க்கிறார்கள். இத்தகைய மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் பதிவாகியுள்ளனர். நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினர், உயிரிழந்தவரும் உண்டு. ஏற்கெனவே கொழுப்பு படிந்த கல்லீரலை வைத்துக்கொண்டு இந்தத் துணிச்சல் தேவையில்லை.

எடையில் 7 முதல் 10 விழுக்காடு, அதாவது உங்களுக்கு 5 முதல் 7 கிலோ, படிப்படியாகக் குறைந்தால் கொழுப்பும் அழற்சியும் கணிசமாகக் குறையும். தட்டில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தைக் கீரை, அவரை, சுண்டல், கொள்ளு ஆகியவற்றால் நிரப்புங்கள். அவற்றின் நார்ச்சத்தை நொதிக்கச் செய்து பாக்டீரியாக்கள் தரும் சிறு கொழுப்பு அமிலங்களே குடல் சுவரைப் பேணுகின்றன. இனிப்புப் பானங்களை அடியோடு விடுங்கள். ‘கிரேடு 1’ என்பது கொழுப்பின் அளவை மட்டுமே சொல்லும், தழும்பைச் சொல்லாது, ஆகவே சர்க்கரையைப் பார்ப்பதுடன், எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதிகள், இரத்தத் தட்டணுக்கள் ஆகியவற்றையும் பார்த்து, வயதையும் சேர்த்து, தழும்பை மதிப்பிடும் ‘ஃபிப்-4’ எண்ணைக் கணக்கிடும்படி மருத்துவரிடம் கேளுங்கள். பொடியையோ கேப்ஸ்யூலையோ தொடங்கியிருந்தால் அதன் டப்பாவையும் கொண்டுசெல்லுங்கள். கண் மஞ்சளானாலோ சிறுநீர் கருத்தாலோ அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.